கிணற்றடியில் இருந்த போத்தல்

1

இந்தக் குறிப்பை என் பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள். மகளுக்குத் தமிழ் காதால் பாதி விளங்கும், கண்ணால் ஒன்றும் விளங்காது. மகன் அந்தப் பாதிக்கும் போவதில்லை. இங்கே வந்த புதிதில் இதை நினைத்து அழுதிருக்கிறேன். இன்றைக்கு அதுவே எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஊரில் ஒரு பத்திரிகையின் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் என் பள்ளித் தோழி, வினிகர் என்று சிலர் சொல்லும் வினாகிரியின் நன்மைகளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். என்னை விட்டால் இதற்கு ஆள் இல்லையாம். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலண்டனுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என்னை வினாகிரி மாமி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு முன்னால் மாமி, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர்.

சரி, கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். இங்கே குழாயில் வருவது சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் படிவு கழன்று வரும். பிறகு வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றிக் கழுவாமல் தேத்தண்ணீர் போட்டால், அது குடிப்பவர் முகத்தில் தெரியும். யன்னல் கண்ணாடிக்கு வினாகிரியில் நனைத்த பழைய பத்திரிகைத்தாள். மீன் வெட்டிய கைக்கும் பலகைக்கும் வினாகிரி. மீன் பொரித்த அன்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி அடுப்பருகே வைத்தால் மணம் அடங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னலை அடித்துச் சாத்தும் சத்தமும் கேட்காது. தலை முழுகிய பிறகு கடைசித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து அலசினால் முடி பளபளக்கும். குளவி கொட்டிய இடத்தில் தடவலாம். முழங்கால் நோவுக்குச் சூடாக்கித் தேய்ப்பவர்கள் உண்டு.

காய்ச்சலுக்கு நெற்றியில் வினாகிரித் துணி போடுவது நம்மூர் வழக்கம். தாதிப் பயிற்சியில் இருக்கும் என் மகள் வதனி இதைக் கேட்டால் கண்ணை உருட்டுவாள். துணியின் ஈரம்தான் குளிர்விக்கிறது, வினாகிரிக்கு அதில் வேலையே இல்லை என்று ஆங்கிலத்தில் பாடம் எடுப்பாள். எடுக்கட்டும். அடிக்கடி குடித்தால் பல்லைத் தின்னும், புண்ணான வயிற்றுக்கு ஆகாது என்று அவள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

தோழி கேட்டது இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் போன சனிக்கிழமை எங்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு. அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

2

திருகோணமலையில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் வினாகிரி வந்ததே இல்லை. அப்பா துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் தளத்தில் கிளாக்கர், பேனை பிடிக்கிற வேலை. அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிசகாத சைவக்காரி. வினாகிரி தென்னங்கள்ளிலிருந்து வருவது. கள்ளு என்ற சொல்லைக்கூட அம்மா வாயால் சொல்லமாட்டார்.

பக்கத்து வளவில் சுபைதா உம்மா இருந்தார். கிண்ணியாக்காரர். அவருடைய கணவர் பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்ததால் குடும்பத்தோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்து குடியேறியவர்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அந்த வழியால் கறி போகும், பலகாரம் வரும், பிள்ளைகள் போய்வருவோம்.

ஒருமுறை என் தம்பிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் காய்ந்தது. உம்மா ஒரு கோப்பையில் வினாகிரியும் கையில் வெள்ளைத் துணியுமாக அந்தப் பொட்டால் வந்தார். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஐயோ உம்மா, அது கள்ளெல்லோ. எங்கட வீட்டுக்க வேண்டாம்."

"கள்ளெண்டா நான் தொடுவனா தங்கச்சி?" என்று உம்மா சிரித்தார். "எங்கட மார்க்கத்துல கள்ளு ஹறாம். அது தானாப் புளிச்சு வினாகிரியாப் போனா ஹலால். அது வேற சாமான், இது வேற சாமான். நானே நாக்குல வெக்கிறன், உங்களுக்கென்ன?"

அம்மா வாசலை விட்டு விலகினார். எங்களைவிடக் கடுமையாகக் கள்ளை ஒதுக்கிய வீட்டிலேயே அதற்குத் தடையில்லை என்றால் என்ன செய்வது? அன்றுமுதல் வினாகிரிக்கு எங்கள் வளவுக்குள் இடம் கிடைத்தது. குசினியில் அல்ல, கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால்.

கடையில் வினாகிரி பீப்பாவில் வரும். வாங்குகிறவர்கள்தான் போத்தல் கொண்டுபோக வேண்டும். பழைய போத்தல் விற்கிறவனிடம் மலிவாகவும் உறுதியாகவும் கிடைப்பது வெறும் சாராயப் போத்தல். அதனால் திருகோணமலையில் பாதி வீடுகளில் வினாகிரி சாராயப் போத்தலில்தான் இருந்தது. அம்மா ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டார். ஆனால் போத்தலின் வடிவத்தைச் சுரண்ட முடியுமா? யாரும் விருந்தாளி வருகிறார்கள் என்றால் அம்மா முதல் செய்கிற வேலை, அந்தப் போத்தலைக் கொண்டுபோய் விறகு அடுக்குக்குள் ஒளித்துவைப்பது.

3

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சாம்பல்தீவுக்காரர். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிற குடும்பம். தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "சீதனத்தில அவையள் பிடிவாதம் இல்லை. ஆனா குடி இருக்கிற வீட்டில பொம்பிளை எடுக்கமாட்டினம். மாப்பிள்ளையின்ர தாய்மாமன் குடிச்சே அழிஞ்சு போனவர்." அதற்கு முன்பு எனக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தமும் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி எங்கே தேடுவது என்று அம்மா இரவு பகலாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அப்பா அந்த நாட்களில் பேச்சைக் குறைத்துவிட்டார். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போகப்போகிறான், வேலை இராது என்ற கதை துறைமுகம் முழுக்க அடிபட்டது. பின்னேரங்களில் நெடுநேரம் கிணற்றடியில் நின்று முகம் கழுவுவார். புழுக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

வந்தவர்களுக்குக் கதிரை போதவில்லை. சுபைதா உம்மா வீட்டுக் கதிரைகள் வேலிப் பொட்டால் வந்து சேர்ந்தன. நான் சீலையைக் கட்டிக்கொண்டு குசினி யன்னலடியில் நின்றேன். மாப்பிள்ளையின் தாய், அதாவது என் மாமி, பஸ்ஸில் வந்த களைப்புக்கு முகம் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். தாய்க்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்க மாப்பிள்ளையும் கூடவே போனார். இவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், கையில் துலாக்கயிற்றோடு.

மாமி கால் கழுவக் குனிந்தவர், கல்லுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். இரண்டு விரலால் கழுத்தில் பிடித்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார்.

"இதென்ன இது?"

அம்மா குசினிப்படியில் நின்றார். அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. அப்பா விறாந்தையிலிருந்து இரண்டு அடி எடுத்துவைத்து அப்படியே நின்றுவிட்டார். வினாகிரி என்று ஒரு சொல் சொன்னால் போதுமே, ஏன் இருவரும் கல்லாய் நிற்கிறார்கள் என்று நான் உள்ளுக்குள் பதறினேன்.

அப்போது பொட்டால் கண்ணாடிக் கிளாசுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு சுபைதா உம்மா வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நேரே மாமியிடம் போனார்.

"அது வினாகிரி அம்மா. எங்கட கடைச் சாமான். காய்ச்சல் தலையிடிக்கு இந்த வீட்டில வெச்சிருக்கிறவங்க."

"சாராயப் போத்தலிலயோ?"

"வேற போத்தலுக்கு எங்க போற?"

"அப்ப மணந்து பாத்தாத் தெரியுந்தானே" என்று மாமி மூடியைத் திருகினார். உம்மா அதை மெல்ல வாங்கிக்கொண்டார். வாங்கிய அவசரத்தில் கொஞ்சம் சீமெந்தில் சிந்தியது. உம்மா போத்தலைச் சரித்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"நல்ல புளிப்பு" என்றார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமியின் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நான் குடிக்கிற ஆளா அம்மா?"

உம்மா மூடியை இறுக்கி, "என்ட மகளுக்கும் உடம்பு காயுது, இதை நான் கொண்டு போறன்" என்று போத்தலை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலியால் போய்விட்டார். மாப்பிள்ளை என்ன நினைத்தாரோ, இன்னொரு வாளி தண்ணீர் இழுத்து, சிந்திய இடத்தில் ஊற்றிவிட்டார். நல்ல துப்புரவுக்காரர், இவரோடு குடித்தனம் செய்வது சிரமம் இல்லை என்று யன்னலடியில் நின்ற நான் நினைத்தேன். அன்றே சம்பந்தம் முடிவாயிற்று.

4

அவர்கள் போன பிறகு அம்மா பேசாமல் விறகு அடுக்குக்குப் போனார். இரண்டு கட்டை விறகை விலக்கி, உள்ளேயிருந்து எங்கள் வினாகிரிப் போத்தலை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

"நான் இதைக் காலமையே ஒளிச்சு வைச்சனான்" என்றார்.

அதற்குமேல் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அப்பால் சுபைதா உம்மா வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. கொப்பளித்துத் துப்பினார், மறுபடி தண்ணீர் அள்ளினார், மறுபடி கொப்பளித்தார். அது நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஆளையாள் பார்க்காமல் நின்றோம். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது.

அப்பா வேலிப் பொட்டடிக்குப் போனார். உள்ளே கால்வைக்கவில்லை. "உம்மா" என்றார்.

"போங்க கிளாக்கர் ஐயா" என்றது உம்மாவின் குரல். "கலியாணம் பேசியாச்சு. பந்தல்காரனைப் பாருங்க."

அடுத்த நாள் அந்தப் போத்தல் திரும்பி வந்தது. சுத்தமாகக் கழுவி, வாய்வரை நல்ல வினாகிரி நிரப்பியிருந்தது. அப்பா அதற்குப் பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்ததில்லை. பிறகு குடித்தாரா விட்டாரா என்றும் எனக்குத் தெரியாது. கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு சில வருடம் சாம்பல்தீவில் மாமியோடு இருந்தேன். நல்ல மனுஷி. மழைக்காலத்தில் முழங்கால் நோ வந்தால், "பிள்ளை, உம்மட வீட்டு வினாகிரியைக் கொஞ்சம் கொண்டுவாரும்" என்பார். வந்தவர்களிடமும், "எங்கட மருமகள் வீட்டு வினாகிரி நல்ல காரம்" என்று புகழ்வார். நான் சூடாக்கிக் கொண்டுவந்து தேய்த்துவிடுவேன். காது எரியும். என் அப்பா வந்தால் மாமியே எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார். இந்த நல்ல மனுஷியை ஏமாற்றியல்லவா இந்த வீட்டுக்குள் வந்தேன் என்று ஒவ்வொரு முறையும் குறுகிப் போவேன். இவரிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த நாட்கள் பல. சொன்னால் என் அப்பாவின் மானம் போகும். அதைவிட, எனக்காக நாக்கைக் கொடுத்த ஒரு மனுஷி பொய்க்காரியாகிவிடுவார்.

5

சில வருடங்களுக்கு முன்பு ஊருக்குப் போனபோது, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடலைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். கணவர் மௌத்தான பிறகு உம்மா அங்கே மகளோடு இருந்தார். கண் மங்கிவிட்டது. குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். சீமையில் தமிழ் கதைக்கிறார்களா என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன்.

அந்த நாள் விஷயத்தைச் சொல்லி அவருடைய காலில் விழத்தான் போனேன். ஆனால் மகள், பேரப்பிள்ளைகள் என்று அறை நிறைய ஆட்கள். இப்படிப்பட்டதை அந்தச் சபையில் எப்படிச் சொல்வது? புறப்படும்போது உம்மா மகளைக் கூப்பிட்டு ஒரு போத்தலைக் கொண்டுவரச் சொன்னார்.

"சாராயப் போத்தல்தான் புள்ள, வேற கிடைக்கல்ல" என்றார். பிறகு என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதோடு சொன்னார்: "உள்ளுக்க வினாகிரிதான். வேணுமெண்டா நாக்குல வெச்சுப் பாரு."

சொல்லிவிட்டுப் பல்லில்லாத வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணீர் வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்தது அந்த ஒருமுறைதான்.

இலண்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து அந்தப் போத்தலைத் தூக்கினான். மகன் வயதுப் பெடியன். மதுவா என்று கேட்டான். வினாகிரி என்றேன். போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூடியைத் திறந்து மணந்தான். நம்பாமல் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டு மணக்கவைத்தான். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தார்கள். வினாகிரிதான் என்று தீர்ப்பாயிற்று. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டேன். அந்தப் பெடியன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு, கதிரை போட்டு இருத்தித் தண்ணீர் கொண்டுவந்தான். அவமானப்படுத்திவிட்டோமே என்று நினைத்திருப்பான், பாவம். எங்கள் கிணற்றடியில் ஒரு பொய்யை நம்பவைக்க ஒருத்தியின் நாக்கு போதுமாக இருந்தது. இங்கே உண்மைக்கு இரண்டு மூக்கு தேவைப்பட்டது. அதை அவனுக்கு என் ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவது?

உம்மாவும் போன வருடம் மௌத்தாகிவிட்டார். மாமி அதற்கு முன்பே போய்விட்டார். இல்லையென்றால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

6

இவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வருடமும் கலியாண நாளன்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். "வினாகிரிக் கலியாணம்" என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார். மாமி போத்தலைத் தூக்கியது, உம்மா முகத்தைச் சுளித்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கோப்பை கழுவப் போய்விடுவேன்.

போன சனிக்கிழமை மகன் வரவில்லை. வேலையாம், தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னான். வதனி மட்டும் வந்திருந்தாள். இவர் கதையைத் தொடங்கினார். வதனி இந்தமுறை சிரிக்கவில்லை. நோயாளியிடம் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டாள்: சாராயப் போத்தலில் இருந்தது வினாகிரி என்று எல்லோரும் எப்படி நம்பினார்கள்? அந்த ஒரு மனுஷி நாக்கில் வைத்ததைத் தவிர, வேறு யாரும் மணந்துகூடப் பார்க்கவில்லையா?

இவர் வாயைத் திறக்குமுன் எனக்குப் பொறுக்கவில்லை. வதனிக்குப் பிடிபடாதபடி எங்கள் ஊர்ப் பேச்சில், வேகமாகச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, இந்தக் கதையை இனி விடுங்கோ. அது வினாகிரி இல்லை. அப்பான்ர சாராயம்."

இவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் அண்டைக்கே மணந்தனான். என்ர காலடியிலயெல்லோ சிந்தினது. பிறகு ஒரு வாளி தண்ணி இழுத்து ஊத்தினது ஏனெண்டு நினைச்சனீர்?"

"மாமிக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாக்கு மூக்கில்லையெண்டோ நினைச்சனீர்? தன்ர தம்பியின்ர வாயில ஒவ்வொரு நாளும் மணந்த மனிசி. வீட்டை வரேக்க பஸ்ஸில சொன்னவ: அந்த முஸ்லிம் பிள்ளை நாக்கில வைச்சுச் சொன்னதை நாங்கள் பொய்யாக்கக் கூடாது, இப்பிடி ஒரு அயல் இருக்கிற வீடு நல்ல வீடாத்தான் இருக்கும் எண்டு."

"இத்தினை வருசம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் வெக்கப்படுவீர் எண்டுதான். அதாலதான் ஒவ்வொரு வருசமும் வினாகிரி, வினாகிரி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

மாமி கேட்ட ஒவ்வொரு வினாகிரியும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கென்று அவர் எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரும் நினைவுக்கு வந்தது. நான் ஏமாற்றிவிட்டேன் என்று கூசிக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே, நான் கூசக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏமாற்றியவள் என்ற வெட்கத்தையாவது சுமக்கலாம். இத்தனை பேர் இத்தனை காலம் என்னைத் தாங்கியிருக்கிறார்கள் என்ற வெட்கத்தை எங்கே இறக்கிவைப்பது?

வதனி என் முகத்தையும் இவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதி விளங்கியிருக்கும், மற்றப் பாதிக்குத் தவித்தாள்.

"அம்மா, அப்பா என்ன சொன்னவர்?" என்று தன் உடைந்த தமிழில் கேட்டாள். "போத்தலில் என்ன இருந்தது?"

அவளுக்கு அவளுடைய தாத்தாவைப் படத்தில் மட்டும்தான் தெரியும். சட்டைப் பையில் பேனை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற கிளாக்கர்.

"வினாகிரி" என்றேன். "நல்ல புளிப்பாம்."

அன்று கிணற்றடியில் வாளி இழுத்தவர் எழுந்துபோய்க் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.